முப்பதுன்னு ஒரு போர்டு

வாட்சைப் பார்க்காதீங்க சார். பன்னெண்டு மணிக்குள்ள உங்க சாமான் பூரா வீட்டுக்குள்ள இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. நாப்பதுக்கு மேல போக மாட்டேன், அதுக்காக உருட்டிக்கிட்டும் போக மாட்டேன். பின்னாடி பீரோ இருக்கு, கண்ணாடி அலமாரி இருக்கு. பஸ்ல வர்ற வீட்டுக்காரம்மா நமக்கு முந்திப் போய்ச் சேர்ந்தா கொஞ்ச நேரம் வாசல்ல உக்காரட்டும், ஒண்ணும் குறைஞ்சிராது.

நீங்க தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு, எங்க செவ்வூரணிக்குப் புதுசு. தண்ணி நல்லாருக்கும், கரண்டு அப்பப்பப் போகும், அதெல்லாம் நீங்களே தெரிஞ்சுக்குவீங்க. ஒண்ணே ஒண்ணு நான் சொல்லியாகணும். அந்த முப்பது போர்டு. ஏன்னா நீங்க பைக் வச்சிருக்கீங்க, பின்னாடி கட்டியிருக்கோம்ல, அதுல ஆபீசுக்குப் போவீங்க, போன முதல் நாளே மாட்டுவீங்க.

ஊருக்கு வடக்கே ஒரு ஆர்ச் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ரோடு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கும். வளைவு கிடையாது, பள்ளம் கிடையாது. அங்க கொண்டு போய் முப்பதுன்னு போர்டு வச்சிருக்காங்க சார். முப்பது! மாட்டு வண்டிக்காரன் பின்னாடி நின்னு ஹார்ன் அடிப்பான். சரி, வச்சதுதான் வச்சாங்க, கண்ணுக்குத் தெரியுற மாதிரியாவது வச்சாங்களா? மேல வேப்பங்கிளை தொங்குது. கிளையை வெட்டினா அடுத்த வாரமே எவனாவது காதுகுத்துக்கு பிளக்ஸ் கட்டிருவான். போர்டு தெரியாது, ஆனா போர்டைத் தாண்டி நூறடியில மரம் அறுக்கிற மில்லு இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி ஜீப் நிக்கும். அதுவும் தெரியாது. நாம பிடிபட்டது மட்டும்தான் தெரியும்.

ரெண்டு ஆக்சிடென்ட் நடந்துச்சாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணுக்குக் கால் போச்சாம். அதுக்காகத்தான் போர்டாம். நடந்துச்சு, நான் இல்லைங்கலை. அந்தப் பிள்ளையை நானா இடிச்சேன்? இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு கோழிக்குஞ்சு என் டயர்ல விழுந்தது கிடையாது.

எஸ்.ஐ. பேரு மகுடபதி. கெட்ட வார்த்தை பேச மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு, காசு வாங்க மாட்டாரு. அதான் சார் பெரிய எரிச்சல். காசு வாங்குற ஆளுன்னா பேசி முடிச்சிட்டுப் போயிரலாம். இவரு வேப்ப மரத்தடியில ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்கார்ந்திருப்பாரு. அதுதான் கோர்ட்டு, அவருதான் ஜட்ஜு. "வாங்கண்ணே, அம்பத்திரண்டு. பைன் கட்டுறீங்களா, பலகை பிடிக்கிறீங்களா?" சிரிச்ச முகமா கேப்பாரு. பலகைன்னா என்னன்னு கேளுங்க. ஆளுயரக் கம்புல ஒரு பலகை. 'மெதுவாகச் செல்லுங்கள், வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்'னு எழுதியிருக்கும். அதை ஒரு மணி நேரம் ரோட்டோரமா பிடிச்சுக்கிட்டு நிக்கணும். எந்தச் சட்டத்துல இருக்கு இது? எந்தப் புஸ்தகத்துல இருக்கு? கேட்டா, "சட்டப்படின்னா பைன் கட்டுங்கண்ணே, நான் வேண்டாம்னா சொல்றேன்"ம்பாரு.

முதல் தடவை கட்டினேன். ரெண்டாவது தடவையும் கட்டினேன். மூணாவது தடவை எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். வண்டியில எட்டு இரும்புக் கட்டில் ஏத்தியிருக்கேன், இந்த வண்டி எங்கிட்டு அம்பத்திரண்டுல போகும்? உங்க மிஷினு தப்பு, போர்டு தப்பு, நீங்க ஒளிஞ்சு நிக்கிறது தப்புன்னு வரிசையா அடுக்கினேன். அம்பத்திரண்டுலதான் போனேன், அது வேற விஷயம். அந்த ஆளு எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "பலகையே பிடிங்கண்ணே, உங்களுக்குத் தொண்டை நல்லாருக்கு, நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுவீங்க"ன்னாரு. ஏட்டு சிரிக்கிறான்.

வீம்புக்குப் பிடிச்சேன் சார். அன்னைக்குன்னு பார்த்து முகூர்த்த நாள். மண்டபத்துக்குப் போற ஊர் சனம் பூரா என்னைத் தாண்டித்தான் போகணும். பஸ்ல போறவன் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்குறான். எம்பொண்ணோட டீச்சரு ஸ்கூட்டியில போகுது, பார்க்காத மாதிரித் தலையைத் திருப்பிக்கிட்டுப் போகுது. அது பார்த்திருந்தாக்கூடப் பரவாயில்லை.

அப்பத்தான் மாப்ளே வந்தாரு. மலையரசன், என் தங்கச்சி பஞ்சவர்ணத்தோட வீட்டுக்காரரு. பந்தல் போடுற தொழில். டி.வி.எஸ்ஸுல பின்னாடி பந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிக்கிட்டுப் போவாரு. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திட்டாரு. "என்ன மச்சான், கல்யாணத்துக்கு ஆளுங்களை வரவேற்க உங்களை விட்டுட்டாங்களா?"ன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. அப்புறம் மில்லுக் கடையில ஒரு சோடாவை வாங்கிட்டு வந்து என் கையில குடுத்துட்டுப் பலகையை அவரு வாங்கிக்கிட்டாரு. நான் நிழல்ல உக்கார்ந்து சோடாவைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும், கால் மணி நேரம் இருக்கும், எனக்குப் பதிலா அவரு நின்னாரு. போற வர்றவங்களுக்கெல்லாம் சலாம் போட்டுக்கிட்டு நிக்கிறாரு, கோமாளி மாதிரி. எஸ்.ஐ.யும் ஒண்ணும் சொல்லலை. எனக்கு அது இன்னும் அவமானமாப் போச்சு.

அன்னைக்கு முடிவு பண்ணினேன் சார். இந்த ஆளு கையில இனிமே ஒரு வண்டி மாட்டக் கூடாது. ஒரே ஒரு வண்டி மாட்டக் கூடாது.

ரோட்டுல எங்களுக்குள்ள ஒரு முறை இருக்கு, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். போலீஸ் நிக்கிற இடத்தைத் தாண்டி வந்தா, எதிர்ல வர்றவனுக்கு ரெண்டு தடவை லைட் அடிச்சுக் காட்டணும். பகல்லயும் காட்டணும். அவன் யாரு, எந்த ஊரு, பார்க்கக் கூடாது. அவன் கையைத் தூக்குவான், நாமளும் தூக்குவோம், முடிஞ்சுச்சு. இன்னைக்கு நான் அவனுக்குக் காட்டினா நாளைக்கு எவனோ எனக்குக் காட்டுவான். அரசாங்கம் செய்யாத உதவி சார் இது. நம்ம ஊர்ல முன்னாடி நினைச்சவன் காட்டுவான், நினைக்காதவன் போயிருவான். நான் ஸ்டாண்டுல எல்லாத்தையும் கூப்பிட்டு வச்சுப் பேசினேன். ஆட்டோ, வேனு, டிராக்டரு, ஒருத்தன் பாக்கியில்லை, எல்லாரும் காட்டணும். காட்டினாங்க. மூணு மாசம் சார், மகுடபதி சேர்ல உக்கார்ந்து ஈ ஓட்டினாரு. எல்லா வண்டியும் ஆர்ச்சுக்கிட்ட வர்றப்ப இருபத்தெட்டு, இருபத்தொம்பதுல ஊர்வலம் மாதிரி வரும். எனக்கு ஸ்டாண்டுல என்ன மரியாதைங்கிறீங்க! தலைவரேன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

கொஞ்சம் கண்ணாடியை இறக்கிக்கங்க, வேர்க்குது.

ஆவணி மாசம், ஒரு வியாழக்கிழமை. காலையில பத்தரை இருக்கும். வண்டியில சிமெண்டு மூட்டை ஏத்திக்கிட்டு ஊரைவிட்டு வெளிய போறேன். ஆர்ச்சுக்கிட்ட போலீஸ். எப்பவும் மில்லுக்குப் பின்னாடி நிக்கிற ஜீப்பு அன்னைக்கு ரோட்டு மேலயே நிக்குது. ரெண்டு தடுப்பைக் குறுக்க இழுத்துப் போட்டிருக்காங்க. மகுடபதி போனைக் காதுல வச்சுக்கிட்டு ரோட்டு நடுவுல நிக்கிறாரு. என்னைப் பார்த்துப் போ போன்னு கையைக் காட்டினாரு. சேரைக் காணோம். சேர் இல்லைன்னதுமே நான் யோசிச்சிருக்கணும்னு நீங்க சொல்லலாம். இப்ப உக்கார்ந்து சொல்லலாம் சார், யாரு வேணாலும் சொல்லலாம். நான் என்ன நினைச்சேன்? லைட் அடிக்கிறதைக் கண்டுபிடிச்சுட்டாரு, அதான் தடுப்பைப் போட்டு எல்லாத்தையும் நிறுத்தப் போறாருன்னு நினைச்சேன்.

அரைக் கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். எதிர்ல ஒரு லாரி வருது. நல்ல வேகம். மஞ்சள் மூஞ்சி, கண்ணாடிக்கு மேல பச்சை எழுத்துல 'பேச்சியம்மன் துணை'ன்னு எழுதியிருக்கு. அடிச்சேன் ரெண்டு லைட்டு. உடனே பிரேக் போட்டான். சின்ன வயசுப் பையன், கையில சிவப்புக் கயிறு கட்டியிருந்தான். கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன். கண்ணாடியில பார்க்குறேன், கண்மாய்க்கரை ரோட்டுல இறக்கித் திருப்பிட்டான். அந்த ரோடு ஊருக்குள்ள போகாம சுத்திக்கிட்டுப் போய் நாலு வழிச் சாலையில ஏறும்.

சந்தோஷமா இருந்துச்சு சார். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. தடுப்பைப் போட்டும் ஏமாந்தியான்னு சத்தமாவே சொன்னேன். வண்டிக்குள்ள நான் மட்டும்தான்.

அங்கேருந்து ஆறு மைல்ல ரைஸ் மில் வளைவு. கூட்டமா இருந்துச்சு. ரோடு பூரா துணி விரிஞ்சு கிடக்கு. சிவப்பும் வெள்ளையுமா பந்தல் துணி. யாரோ விசேஷ வீட்டுக்காரங்க துணியைக் காயப்போட்டிருக்காங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், என்னன்னு சொல்றது, மனசு அப்படித்தான் நினைச்சுச்சு. அப்புறம் டி.வி.எஸ்ஸைப் பார்த்தேன்.

மாப்ளையை அப்பத்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. கடைக்காரர் ஒருத்தர் சொல்றாரு: "மஞ்சள் மூஞ்சி லாரிங்க. நிக்கவே இல்லை. ஊர்ப் பக்கமாத்தான் போனான். நாங்க உடனே போன் அடிச்சுச் சொல்லிட்டோம், ஆர்ச்சுல மறிச்சிருப்பாங்க, தப்பிக்க முடியாது"ன்னு. எனக்கு ஆறுதல் சொல்றாரு சார் அவரு. தோள்ல கையைப் போட்டு, தப்பிக்க முடியாதுங்கறாரு.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள மாப்ளே போயிட்டாரு.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் லைட் அடிக்காம இருந்திருந்தா மாப்ளே எந்திரிச்சு உக்கார்ந்திருப்பாரா? மாட்டாருல்ல. நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சுல்ல. இதை நான் ஆயிரம் தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். கணக்குச் சரியாத்தான் வருது. அந்த மகுடபதி ரெண்டு வருஷமா முப்பது முப்பதுன்னு எங்க உசுரை வாங்காம இருந்திருந்தா, அன்னைக்குத் தடுப்பைப் பார்த்ததும் என்னமோ ஏதோன்னு எனக்குத் தோணியிருக்கும். நிறுத்திக் கேட்டிருப்பேன். யாரு தப்பு இது?

ஆஸ்பத்திரி வராந்தாவுல பஞ்சவர்ணம் தரையில உக்கார்ந்திருக்கா. மகுடபதி வந்தாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு அவ முன்னாடி குத்துக்கால் வச்சு உக்கார்ந்தாரு. "போன் வந்து அஞ்சு நிமிஷத்துல ரோட்டை மறிச்சுட்டோம்மா. லாரி எங்க கண்ணுக்குத் தெரியுது, வந்துக்கிட்டிருக்கான். எங்களைத் தாண்டிப் போன ஏதோ ஒரு வண்டி லைட் அடிச்சுக் காட்டியிருக்கு. கண்மாய்க்கரையில திரும்பிட்டான். நாங்க ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள ஆள் இல்லை"ன்னாரு. அந்த நேரத்துல இதை எதுக்கு அவகிட்ட சொல்லணும்? புருஷனைப் பறிகொடுத்துட்டு உக்கார்ந்திருக்கா, அவகிட்டப் போய் லைட்டு, வண்டின்னு. அறிவுள்ள ஆளு செய்யுற காரியமா?

அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க அந்தப் பக்கம்தானே போனீங்க, எதையாவது பார்த்தீங்களா?"ன்னாரு.

"இல்லை சார்"ன்னேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாரு. "சரிங்கண்ணே"ன்னுட்டுப் போயிட்டாரு. அன்னையிலேருந்து அந்த ஆளு என் வண்டியை மறிக்கிறது கிடையாது. எழுபதுல போனாலும் மறிக்க மாட்டேங்கறாரு. என்ன திமிர் பாருங்க.

அஞ்சு மாசமாச்சு. லாரி கிடைக்கலை. மஞ்சள் மூஞ்சின்னு மட்டும் வச்சுக்கிட்டு எத்தனை லாரியைத் தேடுவாங்க? பச்சை எழுத்து, பேச்சியம்மன் பேரு, சிவப்புக் கயிறு, இதைச் சொன்னா ரெண்டே நாள்ல அமுக்கிருவாங்க. எனக்குத் தெரியாதா? ஆனா உனக்கு எப்படித் தெரியும், எங்க பார்த்தே, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்கல்ல. கேஸு நடக்கும், கூண்டுல ஏத்துவாங்க, பஞ்சவர்ணம் முன்னாடி பெஞ்சுல உக்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பா. அவளுக்கு அப்பா அம்மா இல்லை, புருஷனும் இல்லை. நானும் இல்லைன்னு ஆயிட்டா அவளுக்கு யாரு சார் இருக்கா? அவளுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டிருக்கேன்.

சும்மாவும் இல்லை. ஞாயித்துக்கிழமையானா கல்குவாரிப் பக்கம் போயிருவேன், மணல் லாரி நிக்கிற இடத்துக்குப் போவேன், லாரி பட்டறைக்குப் போவேன். நானே கண்டுபிடிச்சு, பட்டறையில எவனோ சொன்னான்னு சொல்லிரலாம்னு பார்க்குறேன். நாலு பேச்சியம்மன் லாரி பார்த்துட்டேன், ஒண்ணும் அது இல்லை. டீசல் போட்டு மாளலை.

போன மாசம் பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்தா. "அண்ணே, வண்டியை எடு. காசு வெட்டிப் போடணும்"ன்னா.

உங்க பக்கத்துல உண்டான்னு தெரியலை. எங்க பக்கத்துல, போலீஸ்ல கோர்ட்டுல நியாயம் கிடைக்கலைன்னா காளி கோயிலுக்குப் போவாங்க. ஊரணியில முங்கிட்டு, ஈரத் துணியோட நின்னு, யாரு என்ன அநியாயம் பண்ணினாங்கன்னு அவகிட்ட சொல்லி, ஒரு காசைக் கல்லு மேல வச்சு உளியால ரெண்டா வெட்டுவாங்க. அப்புறம் அவ பார்த்துக்குவா. சாதாரணமா யாரும் போக மாட்டாங்க, எல்லா வழியும் அடைச்சவங்கதான் போவாங்க. வெட்டினா வெட்டினதுதான்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் சார். "வேண்டாம்மா, பாவம், யாரு பெத்த பிள்ளையோ, லாரிக்காரன் பயத்துல ஓடியிருப்பான்"னேன்.

"லாரிக்காரனை விடுண்ணே"ன்னா. "அவன் தெரியாம இடிச்சான், பயந்து ஓடினான். எனக்கு அது புரியுது. அந்த லைட்டு அடிச்சவன் யாரு? அவனுக்கு என் வீட்டுக்காரரு என்ன பண்ணினாரு? அவனுக்குத்தான் வெட்டப் போறேன்."

என் பொண்டாட்டி அடுப்படியில நின்னு, "கூட்டிட்டுப் போங்க, அவ மனசாவது ஆறட்டும்"ங்கறா. அவளுக்கும் ஒண்ணும் தெரியாது. என்ன காரணம் சொல்லி நான் போகாம இருக்கறது? இதே வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். இப்ப நீங்க உக்கார்ந்திருக்கீங்கல்ல, இங்கதான் உக்கார்ந்திருந்தா.

முங்கி எந்திரிச்சு வந்து கல்லுக்கு முன்னாடி நின்னா. பூசாரி காசையும் உளியையும் சுத்தியலையும் எடுத்துக் குடுத்தாரு. அவ காளியைப் பார்த்து எல்லாத்தையும் சொன்னா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. "யாருன்னு எனக்குத் தெரியாது தாயே, உனக்குத் தெரியும்"னா. பிறகு உளியைக் காசு மேல வச்சா. கை நடுங்குது, காசு வழுக்கிக்கிட்டுப் போகுது. ரெண்டு தடவை வச்சா, ரெண்டு தடவையும் வழுக்கிருச்சு. திரும்பி என்னைப் பார்த்தா.

"என்னால முடியலைண்ணே. கூடப் பிறந்தவன் நீ, நீ வெட்டு"ன்னா.

பூசாரியைப் பார்த்தேன். "வெட்டலாம், ரத்த சம்பந்தம்தானே"ங்கறாரு அந்த ஆளு.

வெட்டினேன் சார். நான் ஒண்ணும் மடையன் இல்லை, மனசுக்குள்ள மகுடபதி பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் வெட்டினேன். மகுடபதி, மகுடபதின்னு மூணு தடவை சொன்னேன். காளிக்குத் தெரியாதா யாரு காரணம்னு? மனசுல யாரை நினைச்சு வெட்டுறமோ அவங்களைத்தான் போய்ச் சேரும். பூசாரிகிட்டயும் சும்மா கேக்குற மாதிரிக் கேட்டுப் பார்த்தேன். "அவளுக்குத் தெரியும்ப்பா"ன்னுட்டு விபூதி குடுத்தாரு. கேட்டதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்கறானுங்க சார், எங்க போனாலும்.

வர்ற வழியில டீக்கடையில நிறுத்தினேன். நாலு மாசமா ஒரு வாய் சோறு ஒழுங்காத் தின்னாதவ, நாலு இட்லி தின்னா. "இன்னொண்ணு வைக்கச் சொல்லுண்ணே"ன்னு கேட்டு வாங்கித் தின்னா. வண்டியில ஏறினதும், "நீ வெட்டினதுதாண்ணே சரி. உன் கை நடுங்கவே இல்லை"ன்னுட்டு என் தோள்ல சாஞ்சா. சாஞ்ச நிமிஷமே தூங்கிட்டா. குறட்டை கேக்குது. அவ ராத்திரியெல்லாம் உக்கார்ந்தே இருக்கான்னு அவ பிள்ளைங்க சொல்லும். அவ முழிச்சிரக் கூடாதுன்னு நான் கியர் மாத்துறதுக்குக்கூடத் தோளை அசைக்கலை. ரெண்டாவது கியர்லயே நாப்பது கிலோமீட்டரும் ஓட்டிக்கிட்டு வந்தேன், பின்னாடி வர்றவன் பூரா திட்டிக்கிட்டுப் போறான்.

இப்ப தினமும் தூங்குறாளாம். நான் போய் உண்மையைச் சொன்னா, அந்தத் தூக்கம் போயிரும்ல சார்?